கண்ணில் பூ விழுந்தவர் வேலைக்குப் போகலாமா?

தென்காசி வட்டாரத்தில் காற்றும் நெல்லும் கம்ப்யூட்டரும் கண்ணைப் படுத்தும் பாடு

ஆனி, ஆடி வந்தால் குற்றாலத்தில் கூட்டம் தாங்காது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனங்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். சாரல் முகத்தில் படுகிறது. காற்று சிலுசிலு என்று வீசுகிறது. "என்ன சுகம்!" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

அதே காற்று மலையை விட்டு இறங்கியதும் குணம் மாறிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து, தென்காசியைத் தாண்டி, பாவூர்சத்திரம், சுரண்டை என்று கிழக்கே போகப் போக அதில் ஈரம் குறைகிறது, புழுதி சேருகிறது. காற்றாலைகளைச் சுற்ற வைப்பது இந்தக் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கண்ணில் தூசி விழுவது நிச்சயம்!

தூசி எல்லோர் கண்ணிலும்தான் விழுகிறது. நல்ல கண் என்றால் நாலு சொட்டுக் கண்ணீர் வரும், தூசியும் போய்விடும். ஆனால், கருவிழியில் ஏற்கனவே கோளாறு உள்ளவர் என்ன செய்வார்? அவரும் காலையில் எழுந்து வேலைக்குப் போகத்தானே வேண்டும்?

தென்காசி 2019 நவம்பர் 22-ந்தேதி தனி மாவட்டம் ஆயிற்று. இங்கே பலருக்குப் பிழைப்பு வயலிலே. பல பெண்களுக்குப் பீடி சுற்றுவதிலே. படித்த பிள்ளைகள் சிலருக்கு, இப்போது கம்ப்யூட்டரிலே. மூன்று வேலைக்கும் கண் வேண்டும். மூன்று வேலையும் கண்ணைக் கெடுக்கவும் செய்யும்.

நிறமில்லாத கருவிழி

கருவிழி என்பது என்ன? கைக்கடிகாரத்தின் மேலே கண்ணாடி மூடி இருக்கிறது அல்லவா? அதுபோலக் கண்ணுக்கு முன்னால் உள்ள மூடி அது. நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர்தான். கருவிழி என்று பெயரே தவிர, அதற்கு நிறம் கிடையாது. பின்னால் இருப்பது கறுப்பாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

அதில் ரத்தக் குழாய் இல்லை. இருந்தால் பார்வையை மறைத்துவிடுமே! ஆகவே, அது மூச்சு விடுவது கண்ணீர் மூலமாக. காற்றில் உள்ள பிராணவாயு கண்ணீரில் கரைந்து கருவிழிக்குப் போகிறது. இமை ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் புதுக் கண்ணீரைப் பூசிவிடுகிறது. நரம்புகளோ அதில் ஏராளம். அதனால்தான் ஒரு துரும்பு பட்டாலும் உயிர் போவது போல வலிக்கிறது.

அந்தக் கண்ணாடியில் புண் வந்து ஆறினால் வெள்ளைத் தழும்பு விழும். இதைத்தான் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்கிறார்கள். பூ விழுந்த கண்ணுக்கு மங்கல் மட்டும் தொல்லை அல்ல. வெளிச்சம் பட்டால் கூசும். கீறல் விழுந்த பஸ் கண்ணாடியில் எதிர் லாரியின் விளக்கு பட்டால் எப்படிச் சிதறுகிறது? அதே கதைதான். மேடு பள்ளமான இடத்தில் கண்ணீரும் சரியாக ஒட்டாது. கண் காய்ந்து, மண் விழுந்தது போல உறுத்திக்கொண்டே இருக்கும். வெயில், காற்று, வறட்சி. இந்த மூன்றும்தான் அவருக்கு எதிரிகள்.

நெல் தாள் செய்த வேலை

பூ எப்படி விழுகிறது? சிற்றாற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். அறுக்கும்போது தாள் கண்ணில் குத்தும். தூற்றும்போது சுணையும் பதரும் பறந்து வந்து விழும். அந்தத் தாளிலும் மண்ணிலும் பூஞ்சைக் காளான் இருக்கிறது. கீறலில் அது புகுந்துகொண்டால் கருவிழியை அரித்துவிடும்.

திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1999-லிருந்து 2002 வரை 3 வருஷம் ஒரு கணக்கு எடுத்தார்கள். கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 3,183 பேர். அவர்களில் 1,095 பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பூஞ்சை. இந்த 1,095 பேரில் 100-க்கு 90 பேருக்கு மேல், முதலில் கண்ணில் அடிபட்டவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 21 வயதிலிருந்து 50 வயதுக்குள் இருந்தவர்கள். அதாவது, குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் வயது!

1990-களில் மதுரை மாவட்டத்திலும் ஒரு கணக்கு எடுத்தார்கள். வருஷத்துக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கில் 11 பேருக்குத்தான். பத்து மடங்கு வித்தியாசம். கண் ஒன்றுதான், வேலைதான் வேறு.

புண் வந்தவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள்? முதல் நாள் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, ஒத்தடம் கொடுக்கிறார்கள். அடுத்த நாள் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடுகிறார்கள். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் "சிவப்புக்குச் சொட்டு" கேட்டு வாங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்துவிட்டால் வந்தது வினை. சிவப்பு குறையும்; பூஞ்சையோ உரம் போட்ட பயிர் போல வளரும்.

சீக்கிரம் கவனித்தால் எவ்வளவு லாபம் என்பதற்கு நேபாளத்தில் அத்தாட்சி இருக்கிறது. பக்தபூர் வட்டாரத்தில் கிராமத்து ஊழியர்களிடம் ஒரு சாதாரணக் கண் களிம்பைக் கொடுத்து வைத்தார்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு 3 நாள் போட்டார்கள். கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 2001-ல் வெளியான ஆராய்ச்சி இது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று அன்றைக்கே கிளம்பியவரின் கண் தப்பியது.

மறுபடி வயலுக்கு

சரி, புண் ஆறிவிட்டது, பூ விழுந்துவிட்டது. இனி வேலை?

"வீட்டிலே இரு" என்று சொல்லிவிடுவது சுலபம். அரிசி யார் வாங்குவது? டாக்டர் அனுமதித்த பிறகு, வேலையை விட வேண்டியதில்லை. வேலை செய்யும் விதத்தை மாற்றினால் போதும்.

முதல் காரியம், கண்ணாடி. பவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கவாட்டில் மறைப்பு உள்ளதாக இருக்க வேண்டும். தாளும் தடுக்கப்படும், காற்றும் தடுக்கப்படும். கொஞ்சம் நிறம் இருந்தால் கூச்சமும் குறையும். ஆனால், வயலில் ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி போட்டால் ஊர் சும்மா இருக்குமா? "சினிமாவில் நடிக்கப் போகிறாயா?" என்று கேட்கும். இந்தக் கேலிக்குப் பயந்தே பலர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகிற பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை!

அடுத்தது, நிற்கும் இடம். தூற்றும்போதும், அறுவடை இயந்திரம் கூளத்தைக் கக்கும்போதும், காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். கொத்தனாரோ மேஸ்திரியோ யாராக இருந்தாலும், கண் கெட்டவரைக் காற்றுக்கு எதிரே நிறுத்தக் கூடாது. இதற்குக் காலணாச் செலவு இல்லை. கண் உறுத்தினால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, டாக்டர் கொடுத்த கண்ணீர்ச் சொட்டை விட்டுக்கொண்டு, நிழலில் 5 நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும்.

பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த 5 நிமிஷம்தான் கஷ்டம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணை மூடினால் கை நிற்கும். கை நின்றால் காசு நிற்கும். மடியில் சுளகு, விரலில் புகையிலைத் தூள், தலைக்கு மேலே மங்கின விளக்கு. அந்த விரலால் கண்ணைத் தொட்டால் எரிச்சல் சொல்லி முடியாது. வாசலைப் பார்த்து உட்காருவதைவிட, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து சுளகின் மேல் விழும்படி உட்காருவது நல்லது. கூச்சம் பாதி குறையும்.

மத்தளம்பாறையில் கம்ப்யூட்டர்

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம். 10 வருஷத்துக்கு மேலாக அங்கே ஜோஹோ கம்ப்யூட்டர் கம்பெனியின் அலுவலகம் நடக்கிறது. அங்கே புழுதியும் இல்லை, நெல் தாளும் இல்லை. இந்த மாதிரி வேலையில் கண்ணுக்கு என்ன கேடு?

இமை கொட்ட மறப்பதுதான் கேடு. சாதாரணமாக ஒரு மனிதன் நிமிஷத்துக்கு 15 தடவை இமைக்கிறான். கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கண்ணீர் காய்கிறது. ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடித்தால் இன்னும் சீக்கிரம் காயும்.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் ஒரு நோய் வருகிறது. கருவிழி மெலிந்து, முன்பக்கம் கூம்பு போலத் தள்ளும். டாக்டர்கள் "கெரட்டோகோனஸ்" என்பார்கள். பெரும்பாலும் பருவ வயதில் ஆரம்பிக்கும். கண்ணைக் கசக்கக் கசக்க அதிகமாகும். எழுத்து இரண்டாகத் தெரியும். விளக்கைச் சுற்றி வால் தெரியும். வைட்டமின் சொட்டு விட்டு, அல்ட்ரா வயலட் ஒளி காட்டிக் கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள் 1990-களில் கண்டுபிடித்தார்கள். நோய் மேலே வளராமல் நிறுத்தவே அது. பழைய பார்வை முழுவதும் திரும்பிவிடாது. ஆகவே, பலர் கண்ணுக்குள் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

அவர்கள் சாமர்த்தியமாக நடந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் முகத்துக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால், இமை பாதி மூடி, கண் குறைவாகக் காயும். ஜன்னலுக்கு எதிரே மேஜையைப் போடக் கூடாது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 வினாடி பார்த்து, நன்றாக இமை கொட்ட வேண்டும். லென்ஸை எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மேஜையில் ஒரு மூக்குக் கண்ணாடியும் தயாராக வைத்திருக்க வேண்டும். "எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறேன், இடத்தை மாற்றித் தாருங்கள்" என்று மானேஜரிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

லீவு நாளில் அருவிக்குப் போனால் ஒரு விஷயம்: லென்ஸோடு தலையைக் கொடுக்கக் கூடாது. ஆற்றுத் தண்ணீரில் அகந்தமீபா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி உண்டு. லென்ஸுக்கு அடியில் அது தங்கினால், வைத்தியம் மாதக் கணக்கில் இழுக்கும்.

மாற்றுக் கருவிழி

பூ மிகவும் அடர்த்தியாக இருந்தால், இறந்தவர் தானம் தந்த கருவிழியைப் பொருத்துகிறார்கள். உலகத்தில் முதன்முதலாக இது வெற்றி பெற்றது 1905 டிசம்பர் 7-ந்தேதி. இன்று செக் நாட்டில் உள்ள ஓலமோத்ஸ் நகரத்தில், எட்வர்ட் ஸிர்ம் என்ற டாக்டர் செய்தார். நோயாளி யார்? சுண்ணாம்பு பட்டுக் கண் இழந்த ஒரு கூலித் தொழிலாளி! ஒரு கண்ணில் பார்வை நிலைத்தது. அவர் மறுபடி வேலைக்குப் போனார்.

ஆனால், ஒட்டிய இடம் பழைய பலத்துக்கு வராது. அடிபட்டால் பிளக்கலாம். ஆகவே, ஆபரேஷனுக்குப் பிறகும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். சொட்டு மருந்தை இஷ்டத்துக்கு நிறுத்தவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு கண் முழுதும் போய், மறு கண் நன்றாக இருந்தால், சர்க்கார் கணக்கில் ஊனம் 30 சதவீதம். வேலையில் ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். வயலில் ஒற்றைக் கண்ணோடு அரிவாள் பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு அநியாயமாகத்தான் தோன்றும். தூரம் மட்டுப்படாமல், பக்கத்தில் வருவது தெரியாமல், மிச்சமுள்ள ஒரு கண்ணையும் அதே தாளுக்கு முன்னால் அவர் நீட்டுகிறார்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. வேலை செய்ய ஏற்ற வசதியைச் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு 40 சதவீதக் கெடு இல்லை. சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், "ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது; இடத்தை மாற்றுங்கள்" என்று உரிமையோடு கேட்கலாம். களத்து மேட்டில் நிற்பவருக்கோ சட்டப் புத்தகம் எட்டாது. அங்கே நில உடைமைக்காரரின் மனசுதான் சட்டம்.

எப்போது வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்? பழைய பூ உள்ள கண்ணில் புதிதாக வலி வந்தால், சிவந்தால், பார்வை திடீரென்று மங்கினால், கருவிழியில் புதிதாக வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். தென்காசியில் அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. போகும்போது, அதுவரை விட்ட சொட்டு மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துப் போக வேண்டும். மூடி உடைந்திருந்தாலும், பெயர் அழிந்திருந்தாலும் சரி. "என்ன மருந்து விட்டீர்கள்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.