‘டெர்மினேட்டர்’ இரண்டாந்தரப் படமா?

‘பி’ படம் என்னும் வழக்கு அமெரிக்காவில் 1930களில் வேரூன்றியது. பொருளாதார மந்தத்தால் கூட்டம் குறைந்த திரையரங்குகள், ஒரே கட்டணத்தில் இரு படங்களைக் காட்டின. பெரும்பொருட் செலவில் உருவான முதன்மைப் படத்துடன் இணைத்துக் காட்டப்பெற்ற சிறுசெலவுப் படமே ‘பி’ படம். செலவைச் சுட்டிய அச்சொல், நாளடைவில் தரத்தை இகழும் சொல்லாயிற்று.

1984இல் வெளிவந்த ‘தி டெர்மினேட்டர்’ என்னும் அறிவியல் புனைவுப் படத்தையும் அச்சொல்லால் ஒதுக்குவோர் உளர். துப்பாக்கி முழக்கமும் துரத்தலும் மிக்கது; செலவோ ஏறத்தாழ 64 இலட்சம் டாலர்; இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன், சிறுசெலவுப் படங்களுக்குப் பெயர்பெற்ற ராஜர் கோர்மனிடம் தொழில் பயின்றவர். எனவே, பிறப்பால் அது ‘பி’ படம் எனில் மறுப்பதற்கில்லை.

ஆயின், அதன் உட்பொருள் யாது? 2029ஆம் ஆண்டிலிருந்து வரும் கொலைப்பொறி ஒன்று, இனிப் பிறக்கவிருக்கும் தலைவனின் தாயைக் கொல்லத் தேடுகிறது. நாட்டின் பாதுகாப்பையே பொறியிடம் ஒப்படைத்த மனிதனின் பிழையால் விளைந்த கேடு அது. உணவகப் பணிப்பெண் சாரா கானர், அச்சத்தினின்று மனவுறுதிக்கு உயர்வதே கதையின் உயிர்நிலை. இறைவன் அருளிய பகுத்தறிவைப் பொறிகளிடம் அடகு வைக்க முனையும் இக்காலத்தில், அவ்வெச்சரிக்கை மேலும் கூர்மை பெறுகிறது.

வன்முறைக் காட்சிகள் சிறார்க்கு ஏற்றனவல்ல என்னும் பெரியோர் கருத்து ஏற்கத்தக்கதே. எனினும், 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றமை ஈண்டு எண்ணத்தக்கது. செலவைக் கொண்டு கலையை அளப்பது, உடையைக் கொண்டு மனிதரை அளப்பதற்கு ஒப்பாகும். மாணவர்கள் முத்திரையை நம்புமுன் படைப்பை ஆராய்வார்களாக!