எங்க பேர்ல எழுதுற கணக்கு

கல்விப் பணத்தில் நீதி வேண்டும் என்று இப்போது தமிழ்நாடே பேசுகிறது. புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. போகத்தான் வேண்டும். புள்ளைங்க துட்டைப் பிடிச்சு வச்சிக்கினு கொள்கையை ஒத்துக்கோ என்பது அடாவடி. ஆனால் கோட்டையைப் பார்த்து சேரி ரொம்ப நாளாகக் கேட்கிற கேள்வியும் இதுதானே. எங்க பங்கு எங்கே?

1979-80ல் சிறப்புக் கூறு திட்டம் வந்தது. மக்கள்தொகையில் எவ்வளவோ, திட்டப் பணத்திலும் அவ்வளவு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு 20 பேர். பங்கை ஏட்டில் எப்படிக் காட்டினார்கள்? எல்லாருக்கும் போடுற ரோடு, எல்லாருக்கும் நடத்துற திட்டம், அதிலே ‘ஆதிதிராவிடருக்கு இவ்வளவு’ என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ரோடு நம்ம தெருவுக்குத் திரும்புச்சா என்று எவன் பார்த்தான்? டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கே இந்தப் பணத்தைத் திருப்பினார்கள். நாடாளுமன்றத்தில் அரசே ஒத்துக்கொண்ட சங்கதி அது.

எங்க ஆரணியில் பட்டு நூலையும் சரிகையையும் எடை போட்டுத்தான் கூலி நெசவாளி கையில் கொடுப்பார்கள். சேலையை அறுத்துக்கொண்டு போனால் மறுபடி எடை. குறைந்தால் கூலியில் பிடித்தம். ஒரு சேலைக்கு உள்ள கணக்கு, நூற்றுக்கு இருபது பேருக்கு இல்லை.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடம் நம்ம தாத்தாக்களை உள்ளே விடாததால் வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளின் தொடர்ச்சி. கிழவங்க வாயில் அது ‘லேபர் ஸ்கூல்’தான். இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கிறது. அதை மேய்ப்பவர் யார்? கல்வி அதிகாரி இல்லை. வீட்டுமனைக்கு நிலம் எடுக்கிற தனி தாசில்தார்! பாடம் சொல்லித்தர வந்த வாத்தியாரை விடுதிக் காப்பாளர் ஆக்குவதும் இந்தத் துறையில்தான்.

2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். இணைத்தால் ‘சேரிப் பள்ளிக்கூடம்’ என்ற பேர் போகும் என்கிறார் ஒரு தோழர். பேரோடு இடமும் வேலையும் போகும் என்கிறார் இன்னொருவர். ரெண்டு பேரும் பலகையைப் பற்றிப் பேசுகிறார்கள். இணைத்த பிறகு நம்ம பங்கு எந்தத் தலைப்பில், எந்தப் பள்ளிக்கு வரும்? அதைச் சொல்லாத இணைப்பை நான் ஏற்கமாட்டேன்.

துணைத் திட்டப் பணத்துக்கு ஆந்திராவும் கர்நாடகாவும் 2013லேயே சட்டம் போட்டன. அம்பேத்கர் சிலைக்கு மாலையோடு வரிசையில் நிற்கிற நம்ம கழகங்களுக்கு 2024 வரைக்கும் நேரம் கிடைக்கவில்லை. சட்டம் வந்தாச்சு. இனி ஒவ்வொரு பள்ளி வாசலிலும் இந்த வருஷம் வந்த தொகை, செலவான தொகை, கழிப்பறைக்கு எவ்வளவு, புத்தகத்துக்கு எவ்வளவு என்று எழுதி மாட்டட்டும். மாட்டவில்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாணவத் தோழர்களே, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஒரு பள்ளிக்கு ஒரு மனு. ஆரணி வட்டத்துக்கு நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.