வரம்புக்கு எண்ணெய் அடிக்க முதல் ஒருக்கா யோசிப்போம்



சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம் நெருங்குகிறது. தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிக்க வேண்டிய திகதி, மாடுகளை வட்டையை விட்டு வெளியேற்ற வேண்டிய திகதி எல்லாம் வழக்கம்போல் பேசப்படும். இந்த முறை அந்தக் கூட்டத்தில் இன்னொரு விடயத்தையும் பேச வேண்டும் என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. அது வரம்பு பற்றியது.

"சேர்மாருக்கு வேற வேலை இல்லையா, வரம்பில் பேச என்ன இருக்கு?" என்று சிலர் நினைக்கலாம். பதிவு கொஞ்சம் நீளம்தான். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் பாடசாலைத் தோட்டத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பூசணி நட்டோம். கொடி நன்றாகப் படர்ந்தது, பூவும் நிறையப் பூத்தது. ஆனால் பிஞ்சு விரலளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துகொண்டே இருந்தது. பசளை போதாது என்றார் ஒருவர். தண்ணீர் கூடிவிட்டது என்றார் இன்னொருவர். கண்ணூறு என்றும் ஒரு உம்மா சொன்னார்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. விடியற்காலையில் விரிந்து பகலோடு வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். அது பிசுபிசுப்பான மகரந்தம், காற்று தூக்காது. பூச்சிதான் சுமந்துபோக வேண்டும். இதெல்லாம் விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிற விடயம். ஆனால் அன்றுதான் நாங்கள் போய்ப் பார்த்தோம். சுபஹு தொழுத கையோடு வந்த பிள்ளைகள் பூவின் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். எறும்பு வந்தது. ஒன்றிரண்டு வண்ணத்துப்பூச்சி வந்து போனது. தேனீ வரவேயில்லை.

அடுத்த நாள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, சில பெண் பூக்களில் கையாலேயே தடவிவிட்டோம். அடையாளத்துக்கு நூலும் கட்டினோம். நூல் கட்டியதில் பெரும்பாலான பிஞ்சுகள் தங்கின. கட்டாதவை முன்னர்போலவே விழுந்தன. பசளையும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தாய் எழும்பிச் சொன்னார்: "சேர், நாங்க மூணு வருசமா இப்படிக் கையாலதான் பூ தொடுறோம். புள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முதல் அதுதான் எங்களுக்கு வேல." இன்னும் பலர் தலையாட்டினார்கள். வளவில் பூசணியும் பாவக்காயும் போட்டு, அந்தக் காசில் பிள்ளைகளின் கொப்பி, வகுப்புக் காசு பார்க்கிற தாய்மார் இவர்கள். தேனீ சும்மா செய்துகொண்டிருந்த வேலை இன்று அவர்களின் தலையில் விழுந்திருக்கிறது. இதை ஊரில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தேனீ எங்கே போனது?

எங்கள் பாடசாலையின் பின்மதிலுக்கு அப்பால் வயல்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வட்டை. பச்சைப்பசேல் என்று பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அது தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். பூவில் தேனும் கிடையாது. பூக்கிற நாட்களில் முற்பகலில் மகரந்தம் எடுக்கத் தேனீ வரும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அதற்கு வயலுக்குள் சாப்பாடு இல்லை. வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வேலியிலும்தான் அதன் சீவியம்.

நாம் சின்னப் பிள்ளைகளாக வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோன காலத்தை நினைத்துப் பாருங்கள். வரம்பு முழுக்கத் தும்பையும் தொட்டாற்சிணுங்கியும் பூத்துக் கிடக்கும். வாய்க்கால் ஓரத்தில் மருதும் புங்கையும் நாவலும் நின்றன. வளவுக்குப் பூவரசும் முள்முருக்கும்தான் வேலி. இன்று வரம்புப் புல்லுக்குக் களைநாசினி எண்ணெய் அடிக்கிறோம், ஒரு கிழமையில் வைக்கோல் நிறமாகக் கருகிக் கிடக்கிறது. வாய்க்காலுக்குக் கொங்கிரீட் போட்டபோது மரங்கள் போய்விட்டன. வேலி மதிலாகிவிட்டது.

தேனீ என்றால் ஒரே ஒரு இனம் என்று நினைக்கிறோம். நமது நாட்டில் மட்டும் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் இருக்கின்றன. தேன் தருபவை அதில் மிகச் சிலதான். மிச்சத்தில் பெரும்பாலானவை கூட்டம் சேராமல் தனியாக வாழ்பவை. சில மண்ணில் துளை போட்டு முட்டையிடும். சில பட்ட மரத்திலும் மூங்கிலிலும் இருக்கும். நாம் வண்டு என்று விரட்டுகிற பெரிய கறுப்பன் கூட மரத்தைக் குடைந்து வாழ்கிற ஒரு தேனீதான்.

இந்தத் தனித் தேனீக்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கத்தரிக்கும் தக்காளிக்கும் மகரந்தம் ஒரு சின்னத் துளைக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் அது கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டும் சில மண் தேனீக்களும்தான் அதைச் செய்யும். புடலங்காய் இரவில் பூக்கும், அதற்கு அந்துப்பூச்சி வேண்டும். உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87 பயிர்கள் கூடியோ குறைந்தோ இப்படி உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையில் தங்கியிருப்பதாக 2007இல் வந்த ஆய்வொன்று கணக்கிட்டது. நம்மூர் வத்தகப்பழமும் வெள்ளரியும் அதில் சேர்த்திதான்.

சின்னத் தேனீக்கள் கூட்டிலிருந்து சில நூறு மீற்றர் தூரம்தான் பறக்கும். அந்தத் தூரத்துக்குள் பூவும் வேண்டும், கூடு வைக்க இடமும் வேண்டும். கிலோமீற்றர் கணக்கில் கருகிய வரம்பு மட்டும் இருந்தால் அது அவற்றுக்குப் பாலைவனம்.

"நான் நெல்தானே செய்கிறேன், எனக்கென்ன?"

இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கும் பதில் இருக்கிறது.

குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொடையில் ஒரு நீர்ப்பாசன நெல்வயலை நமது நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். அந்த வயல் சூழலில் மட்டும் 494 வகை முதுகெலும்பில்லாத உயிரினங்களும் 103 வகை முதுகெலும்புள்ள உயிரினங்களும் இருந்தன. இவற்றில் நெல்லுக்குப் பகையானவை சிறு பகுதிதான். சிலந்தி, தும்பி, சின்னக் குளவிகள் எல்லாம் அந்தப் பகையைத் தின்று அடக்கிவைக்கிறவை. இவற்றின் தங்குமிடமும் வரம்புதான். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிறபோது அவை அங்கேதான் ஒதுங்கும். சில குளவிகளுக்கு உயிர் வாழப் பூவின் தேனும் வேண்டும்.

அறக்கொட்டியான் அடித்த வட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். தேவையில்லாமல் அடிக்கிற பூச்சிநாசினி சிலந்தியைக் கொன்றுவிடும், அறக்கொட்டியானோ பிறகு முன்னதை விடப் பெருகிவரும். இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. அந்த நாட்டு அரசாங்கம் 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிநாசினிகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. காரணம் இந்த அறக்கொட்டியான்தான்.

சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் வயலோரத்தில் எள்ளு போன்ற பூச்செடிகளை வளர்த்துப் பரிசோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பூச்சிநாசினிப் பாவனை 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. எள்ளு நமக்குப் புதிதல்ல. நமது மூத்தவர்கள் விதைத்த பயிர்தான்.

எதிர்க் கருத்துகள்

முதலாவது, செலவு. வரம்பு வெட்ட ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டும், ஆளும் கிடைப்பதில்லை. எண்ணெய் அடித்தால் ஒருவர் அரை நாளில் முடித்துவிடுவார். இதை மறுக்கவில்லை. கடனில் வேளாண்மை செய்கிறவரிடம் போய் இலாபத்தைக் குறைத்துக்கொள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் எண்ணெய் அடித்த வரம்பில் புல்வேர் செத்து, மழைக்கு மண் கரைந்து, ஒவ்வொரு போகமும் அணைத்துக் கட்டுகிற கூலியையும் அந்தக் கணக்கில் போடுங்கள். புல் வெட்டும் மெஷின் ஒன்றை விவசாய அமைப்பு பொதுவில் வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, எலியும் பாம்பும். எலிக்காய்ச்சல் வருகிற நாட்டில் இது சின்ன விடயமல்ல. அதனால்தான் எல்லா வரம்பையும் காடாக விடச் சொல்லவில்லை. வயலுக்குள் இருக்கிற சின்ன வரம்புகள் குறுகலாகவும் துப்புரவாகவும் இருக்கட்டும், எலி வளை தோண்டவும் இடம் இருக்காது. வண்டி போகிற பெரிய வரம்பு, வாய்க்கால் ஓரம், வட்டையின் எல்லை, இவற்றை மட்டும்தான் கேட்கிறோம்.

மூன்றாவது, 2021. ஒரே அறிவித்தலில் இரசாயனப் பசளையையும் எண்ணெயையும் நிறுத்தி விவசாயியை நடுவீதியில் விட்டார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆகவே இப்படி யாராவது பேசினாலே "திரும்பவும் சேதனமா?" என்று கோபம் வருவது இயல்பு. நாம் எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. வயலுக்குள் எதை அடிப்பது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நெல் விளையாத இடத்துக்கும் ஏன் அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆரம்பக் கூட்டத்தில் பேசக் கேட்பவை

1. பெரிய வரம்பு, வாய்க்கால் ஓரம், எல்லைப் பகுதிகளுக்கு இந்தப் போகம் களைநாசினி அடிப்பதில்லை, வெட்டுவது மட்டும் என்று வட்டையாகச் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் வெட்டாமல் ஒரு பக்கம் பூத்திருக்க மறுபக்கம் வெட்டலாம். ஒருவர் மட்டும் செய்தால் பிரயோசனம் குறைவு, பக்கத்து வயல்காரர் அடிப்பது அங்கேயும் வந்து சேரும்.

2. பூச்சிநாசினி அடிக்கத்தான் வேண்டும் என்றால் அசருக்குப் பிறகு, காற்று அடங்கிய நேரத்தில் அடிப்போம். நெல் பூக்கிற நாட்களில் முற்பகலில் அடிக்கவே வேண்டாம்.

3. அகலமான வரம்பில் எள்ளு, கௌபி, வெண்டி எது முடியுமோ அதைப் போடுவோம். பூச்சிக்குப் பூ, வீட்டுக்குக் கறி.

4. வாய்க்கால் ஓரத்தில் நிற்கிற மிச்ச மரங்களை வெட்ட விடாமல் காப்போம். புங்கை, மருது, நாவல் கன்றுகளை நடுவதற்கு நமது மாணவர்கள் தயார். இடத்தை மட்டும் காட்டுங்கள்.

அல்லாஹ் ஒரு சூராவுக்கே தேனீயின் பெயரைத் தந்திருக்கிறான். சூரா அந்நஹ்லில் தேனீயின் வீடுகளாக மலைகளும் மரங்களும் மனிதர் கட்டுபவையும் சொல்லப்படுகின்றன. நம்மூரில் மலை இல்லை. மரத்தை வெட்டிவிட்டோம். பழைய மண்சுவரின் பொந்துகளையும் சீமெந்து பூசி அடைத்துவிட்டோம். அயலவரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் எத்தனையோ பயான் கேட்கிறோம். வயலில் நாம் அடிப்பதால் அடுத்த வளவில் ஒரு தாயின் பூசணிப் பிஞ்சு விழுகிறது என்றால், அதுவும் நாம் யோசிக்க வேண்டிய ஹக்தான்.

இந்த வருடமும் பாடசாலைத் தோட்டத்தில் பூசணி போடுகிறோம். காலையில் போய்க் குந்தியிருந்து பார்ப்போம். தேனீ வந்தால் இன்ஷா அல்லாஹ் இங்கேயே எழுதுகிறோம். வராவிட்டாலும் எழுதுவோம்.

கூட்டத்துக்குப் போகிற வாப்பாமார், காக்காமாருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். வட்டவிதானைமாருக்கும் அனுப்புங்கள். பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அனுபவமுள்ள விவசாயிகளின் கருத்தைத்தான் முக்கியமாக எதிர்பார்க்கிறோம்.

அல்லாஹ் நமது வேளாண்மையிலும் வளவிலும் பரகத் செய்வானாக. ஆமீன்.