வெற்றிலைப் பெட்டியும் உடம்பின் ஜாகாக்களும்

தெம்பனிஸிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பிறந்து வளர்ந்தது ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். மணமான பின் சிங்கப்பூருக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார். தோட்டத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயாருக்கு, வெற்றிலையை அடக்கி வைக்கும் வலது கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் படலம் தெரிகிறதாம். துடைத்தால் போகவில்லை. வலியும் இல்லை. "இது புற்றுநோயா? பிள்ளைகளுக்கு ஒட்டிக் கொள்ளுமா? யாரோ சொன்னதைக் கேட்டு அம்மாவே தனித் தட்டு வைத்துக் கொண்டு விட்டார். பேரனை மடியில் தூக்கவும் மறுக்கிறார்" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுகிறேன், சகோதரி. ஒட்டாது. எச்சில் பட்டாலும் ஒட்டாது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதல் கேள்விதான் அவசரமானது.

நம் வாயின் உள்தோல் சும்மா இருப்பதில்லை. பழைய உயிரணுக்கள் உதிர, புதியவை பிறந்து கொண்டே இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய முழுத்தோலும் புதிதாகி விடுகிறது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு கட்டளைப் புத்தகம் உண்டு. எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஓர் அணு இரண்டாகும்போது அந்தப் புத்தகத்தைப் பார்த்து இன்னொன்று எழுதிக் கொள்கிறது. எழுதும்போது பிழை வருவது இயல்பு. திருத்தவும் உள்ளேயே ஆள் இருக்கிறது. திருத்த முடியாத அளவு பிழை மிகுந்தால் அந்த அணு தானே செத்துப் போகும்படியும் ஏற்பாடு உண்டு.

இனி வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலை என்னவோ பாவம், அதன் மேல் பெரிய குற்றம் இல்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தோலணுக்களைத் தாக்கும் பொருள்கள் உண்டாகின்றன. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்ற சத்து கன்னத்தின் அடித்தசையை நார் நாராக இறுக்குகிறது. புகையிலையோ கட்டளைப் புத்தகத்தையே கிழிக்கிறது. இப்படி நாளுக்கு ஏழெட்டு முறை, முப்பது நாற்பது வருஷம், ஒரே கன்னத்தில் அடக்கி வைத்தால் என்ன ஆகும்? நிறுத்தச் சொல்லும் பக்கம் கிழிகிறது. பிறகு சாகச் சொல்லும் பக்கம் கிழிகிறது. அந்த அணு நிற்காமல் பெருகத் தொடங்குகிறது. பால்மரத்துக்கு நடுவே லாலாங் புல் புகுந்த மாதிரிதான். ஒரு பிழையால் புற்று வருவதில்லை. பல பிழைகள் ஒரே அணுவில் சேர வேண்டும். அதனால்தான் இருபது வயதில் போட ஆரம்பித்த வெற்றிலை அறுபதில் கணக்குக் கேட்கிறது.

"புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றும் செய்யாது" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் புகையிலையோடு கூடிய தாம்பூலத்தைத்தான் குற்றவாளி என்றது. 2003-இல் மறுபடி ஆராய்ந்து, புகையிலை இல்லாத தாம்பூலமும் புற்றை உண்டாக்கும், பாக்குத் தனியாகவே உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொல்லி விட்டது. பொட்டலத்தில் வரும் இனிப்புப் பாக்கும் அதில் அடங்கும். குட்கா, கைனி, ஜர்தா ஆகியவற்றைச் சிங்கப்பூர் அரசு 2016-இல் தடை செய்தது. பாக்குக்குத் தடை இல்லை. தேக்காவில் தாராளமாகக் கிடைக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இலேயே லண்டன் லான்செட் பத்திரிகையில் எழுதினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற சோமர்வெல் என்ற வெள்ளைக்காரர் இருந்தாரே, அவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் வருஷக்கணக்கில் இந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறிய காலத்தில் வெற்றிலைப் பெட்டியும் கூடவே ஏறியது. மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாக இருப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

அப்படியானால் வெற்றிலை போடும் எல்லோருக்கும் புற்று வர வேண்டுமே, ஏன் வருவதில்லை? நல்ல கேள்வி. உடம்புக்குள் ஜாகா இருக்கிறார்கள்.

இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் சில வகைகளுக்கு இதுவே வேலை. இரவும் பகலும் ரோந்து சுற்றும். உடம்பின் ஒவ்வோர் அணுவும், தனக்குள் என்ன தயாராகிறது என்பதற்கு அடையாளமாகச் சிறு துணுக்குகளைத் தன் மேற்புறத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஐ.சி. காட்டுவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். டி அணு என்கிற வெள்ளையணு அதைப் பார்க்கும். துணுக்கில் கோளாறு தெரிந்தால் அந்த அணுவைத் துளைத்துக் கொன்று விடும். கெட்டுப்போன அணு சில சமயம் தந்திரமாக ஐ.சி.யையே மறைத்துக் கொள்ளும். அதற்கும் வேறொரு ஜாகா உண்டு. இயற்கைக் கொல்லி அணு என்று பெயர். ஐ.சி. காட்டாதவனைக் கண்டால் அடிப்பதுதான் அதன் வழக்கம்.

இது வெறும் கற்பனையல்ல. பிறர் சிறுநீரகத்தைப் பொருத்திக் கொண்டவர்களுக்கு, உடம்பு அதை ஒதுக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அவர்களுக்கு உதடு, தோல், நிணநீர் ஆகியவற்றில் புற்று வருவது மற்றவர்களைவிட அதிகம். ஜாகாவைத் தூங்க வைத்தால் திருடன் வருகிறான்.

ஒட்டாது என்றேனே, அதற்கும் காரணம் இதுதான். தாயாரின் புற்றணு பேரன் வாய்க்குள் போனதாகவே வைத்துக் கொள்வோம். அதன் ஐ.சி. வேறு. பேரனின் ஜாகாக்கள் உள்ளே விடவே மாட்டார்கள்.

பிறகு ஏன் சிலருக்குப் புற்று ஜெயிக்கிறது? ஜாகாவுக்கும் ஒரு பிரேக் உண்டு. வீட்டு ஆளையே அடித்து விடக் கூடாது என்பதற்காக இயற்கை வைத்த பிரேக் அது. தேர்ந்த புற்றணு அந்தப் பிரேக்கை அழுத்தக் கற்றுக் கொள்கிறது. "நம்ம ஆள்தான், போ" என்று ஜாகாவின் காதில் சொல்லி அனுப்பி விடுகிறது. இந்தப் பிரேக்குகளைக் கண்டு, அவற்றை விடுவித்தால் புற்றை ஒடுக்கலாம் என்று காட்டியதற்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வகை மருந்துகள் முற்றிய வாய்ப்புற்றுக்கும் இன்று தரப்படுகின்றன. ஆனால் தனியாகக் கொடுத்தால் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கட்டி நன்றாகச் சுருங்குகிறது. விலையும் நம்மைப் போன்றவர்களை மலைக்க வைக்கும். "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று டப்பாவில் எழுதி விற்கும் பொடிகளுக்கும் இந்த மருந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொடிக்குக் கொடுக்கும் பணத்துக்கு மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

இப்போது அந்த வெள்ளைப் படலம். அது இன்னும் புற்று அல்லாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட படலங்களில் ஒரு சிறு பகுதிதான் பின்னால் புற்றாகிறது. சிவப்பாக, வெல்வெட்டுத் துணி போல இருந்தால் ஆபத்து அதிகம். வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தாலும் அப்படியே. வாய் பழையபடி அகலத் திறக்கவில்லை, சம்பல் பட்டால் எரிகிறது என்றால் பாக்கு கன்னத்தை இறுக்கத் தொடங்கி விட்டது. மூன்று வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக் கொள்ளாதீர்கள், தொடக்கத்தில் வலிக்காது. பார்த்து இது இன்னது என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது. ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். சதையைக் கிள்ளினால் நோய் பரவும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

வாயைத் திறந்து பார்ப்பதில் என்ன பெரிய பலன் என்று நினைக்கலாம். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கி, முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்குச் சுகாதார ஊழியர்கள் போய் வாயைப் பார்த்தார்கள். டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். 2005-இல் கணக்கெடுத்தபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு, பார்க்காத ஊர்களைவிட 34 சதவிகிதம் குறைந்திருந்தது. மலேசியச் சுகாதார அமைச்சும் 1997 முதல் தோட்டங்களைத் தேடிப் போய் இப்படிப் பார்க்கும் திட்டத்தை நடத்தியது. பல் டாக்டர் வந்த அன்று பெரட்டு முடிந்து வீட்டுக்குள் ஒளிந்து கொண்டவர்கள் எத்தனை பேர்!

வீட்டிலும் பார்க்கலாம். மாதம் ஒரு முறை, நல்ல வெளிச்சத்தில், டார்ச் ஒன்று போதும். பொய்ப்பல் இருந்தால் கழற்றி விடுங்கள். இரண்டு கன்னம், ஈறு, உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், நாக்கைத் தூக்கிக் கீழ்ப்புறம் ஆகியவற்றைப் பார்த்து விட்டு, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவியும் பாருங்கள்.

தாயாரை வெற்றிலையை விடச் சொல்வது எளிதல்ல. பால்மரம் சீவப் போகும் இருட்டில் பசியையும் தூக்கத்தையும் மறக்கடித்த துணை அது. அதட்டினால் ஒளித்துப் போடுவார். முதலில் புகையிலை, அடுத்து பாக்கு, சுண்ணாம்பு என்று பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். வெறும் வெற்றிலையோடு கிராம்போ சோம்போ மென்றால் வாய்க்குப் பழகி விடும். நிறுத்திய பின் சில படலங்கள் தானே மறைவதும் உண்டு. அதற்காகக் காட்டாமல் காத்திருக்கக் கூடாது.

கடைசியாகப் பணவிஷயம். தாயார் மலேசியக் குடிமகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெம்பனிஸ் பாலிகிளினிக்கில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள சலுகை அவருக்குக் கிடைக்காது. செலவைப் பார்த்துத் தள்ளிப் போடாமல், இந்த வாரமே ஒரு வேலை நாளில் பாலத்தைத் தாண்டி அழைத்துப் போய், ஜொகூரில் உள்ள அரசாங்கப் பல் மருத்துவமனையில், கிளினிக் பெர்கிகியான் என்பார்களே, அங்கே காட்டுங்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். தாயாரின் ஐ.சி.யையும் அவர் சாப்பிடும் சீனி, பிரஷர் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை வருஷமாக, நாளுக்கு எத்தனை முறை வெற்றிலை போடுகிறார் என்று கேட்பார்கள். குறைத்துச் சொல்ல விடாதீர்கள்.