ஒரே ஓவரில் 33 ரன்... டிஎன்பிஎல்-லின் மோசமான பவுலிங் இதுதானா?

மோசமான பவுலிங் எதுன்னு கேட்டால், நெல்லை ரசிகர்களுக்கு உடனே ஞாபகம் வருவது 2023 ஜூலை 10. சங்கர் நகர் மைதானம், 2-வது தகுதிச்சுற்று. நெல்லை ராயல் கிங்ஸுக்கு 12 பந்தில் 37 ரன் தேவை. திண்டுக்கல் டிராகன்ஸ் வீசிய 19-வது ஓவரில் மட்டும் 33 ரன்! நெல்லை ஃபைனலுக்குள் நுழைந்தது.

இரண்டே நாளில் மாறிய கதை

ஜூலை 12, அதே மைதானம். ஃபைனலில் நெல்லை பவுலிங்கை வெளுத்த கோவை கிங்ஸ் 205 ரன் குவித்தது. நெல்லை 101-க்கு ஆல் அவுட்.

மைதானம்தான் காரணமா?

அப்படிச் சொல்ல முடியாது. கோவை பவுலர்கள் பந்து வீசியதும் அங்கேதானே!

2024 ஏப்ரல் 15-ல் ஐபிஎல்லில் பெங்களூரு 287 ரன் கொடுத்தது. ஆனால் ஹைதராபாத்தும் 262 கொடுத்தது. அன்று இரண்டு பக்கமும் அடிதான்.

அப்போ எப்படி அளப்பது?

கொடுத்த ரன்னை மட்டும் பார்த்தால் போதாது. எதிரணி எவ்வளவு கொடுத்தது என்பதையும் பார்க்கணும். பெங்களூருவுக்கு வித்தியாசம் 25, நெல்லைக்கு 104. இதில் நெல்லையின் பேட்டிங் சறுக்கலுக்கும் பங்கு உண்டு.

33 ரன் கொடுத்த திண்டுக்கல்? ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை கொண்டுபோனது. மோசமானது ஒரு ஓவர்தான். மொத்த பவுலிங் இல்லை.