'மக்கு' என்பது சும்மா ஒரு வார்த்தையா?

"கோபத்துல ஒரு வார்த்தை சொன்னா பிள்ளை கரைஞ்சா போயிடும்?" பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இது. வெறும் வார்த்தை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான சாட்சி இருக்கிறது.

1939-ல் ஐயோவா மாநிலத்து அனாதை இல்லம் ஒன்றில், பேராசிரியர் வெண்டெல் ஜான்சன் மேற்பார்வையில், 22 குழந்தைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 பேரிடம் 'உனக்குத் திக்குவாய்' என்று மாதக்கணக்கில் சொல்லி வந்தார்கள். விளைவு? திக்குவாய் வரவில்லை. ஆனால் கூச்சமும் பயமும் வந்து, பேச்சே குறைந்துபோனது. அடி இல்லை, உதை இல்லை, வெறும் வார்த்தைதான். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2001-ல்!

அதே வேலையைத்தான் தமிழ்நாட்டு வகுப்பறைகளில் 'மக்கு', 'மரமண்டை', 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' எல்லாம் செய்கின்றன. பெரியவர்கள் சொல்வதும் தப்பாக இருக்கலாம் என்று ஏழு வயசுப் பிள்ளைக்குத் தெரியாது. அப்படியே நம்பிவிடும். பிறகு கணக்கில் 90 வந்தால் அதிர்ஷ்டம்; 30 வந்தால் 'நான்தான் மக்காச்சே!'

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. யார் கேட்கிறார்கள்?

"நாங்களும் திட்டு வாங்கித்தானே வளர்ந்தோம்" என்கிறார்கள். சரி, திட்டு வாங்கி முடங்கிப்போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. வாயைத்தான் அன்றைக்கே அடைத்தாகிவிட்டதே!