உம்றா முடிந்து திரும்பும் பயணத்துக்கும் ஒரு வகுப்பு வேண்டும்



நம் ஊரில் உம்றாவுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு வைக்கிறார்கள். இஹ்ராம் கட்டுவது, தவாப், ஸஈ எல்லாம் செய்து காட்டுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசுவதில்லை. "பிளைட்டில் ஏறினால் ஊர்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். சென்ற விடுமுறையில் உம்மாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். போவதைவிட வருவதற்குத்தான் கூட ஆயத்தம் வேண்டும் என்பது என் கருத்து.

போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும். வரும்போது இரண்டு கிழமை நடந்து, தூக்கம் கெட்டு, குழுவில் அரைவாசிப் பேருக்கு இருமல். அந்த நிலையில்தான் மக்காவிலிருந்து ஜித்தாவுக்கு பஸ், விமான நிலையத்தில் பல மணித்தியாலக் காத்திருப்பு, தோஹாவில் இறங்கி மாறுதல், பிறகு கட்டுநாயக்கா. மக்காவில் பஸ் ஏறியதிலிருந்து காத்தான்குடி வீட்டு வாசல்வரை எங்களுக்கு 29 மணித்தியாலம் எடுத்தது. அதில் ஆகாயத்தில் இருந்தது எட்டு மணித்தியாலம் கூட இல்லை.

முதலாவது மருந்து. சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்களின் குளிசைகள் கையில் கொண்டுபோகும் பேக்கில்தான் இருக்க வேண்டும். பெரிய சூட்கேஸ் பிந்தி வந்தால் இரண்டு நாளைக்கு மருந்தில்லை. இன்சுலினை சூட்கேஸில் போடவே கூடாது. பொதிகள் வைக்கும் இடத்தின் குளிரில் உறைந்துபோனால் அது வேலை செய்யாது. டொக்டர் எழுதிய துண்டையும், கிளினிக் கொப்பியின் ஒரு பிரதியையும் கூடவே வையுங்கள். சவூதி நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். திரும்பும் நாளில் எந்த நேரம் எந்தக் குளிசை என்று போவதற்கு முன்பே டொக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டால் குழப்பமில்லை.

ஸம்ஸம் தண்ணீரை போத்தல் போத்தலாக சூட்கேஸுக்குள் ஒளித்து வைப்பதை விடுங்கள். அதற்கு அனுமதியில்லை. விமான நிலையத்தில் விற்கும் 5 லீற்றர் பெட்டியை வாங்கினால் போதும்.

வீல்செயார் தேவையென்றால் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் விமானக் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். கவுண்டரில் நின்று கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று வெட்கப்படும் உம்மாமார்தான் தோஹா போன்ற பெரிய விமான நிலையத்தில் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது கால். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் கட்டுகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அப்படியும் சுகதேகிகளில் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான் வரும், பயப்பட வேண்டியதில்லை. வயது போனவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், அண்மையில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் கூடுதல். அந்த ஆய்வில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயிலும் கணக்கில் சேரும். அப்படியானால் கட்டுநாயக்காவில் இறங்கியதும் உம்மாவை வேனின் பின் சீட்டில் பொதிகளுக்கு நடுவில் ஆறேழு மணித்தியாலம் இருத்துகிறோமே, அது என்ன?

எங்கள் பெண்கள் விமானத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கழிவறைக்குப் போக அந்நிய ஆண்களைத் தாண்ட வேண்டுமே என்ற வெட்கம். ஆகவே வயதானவர்களுக்கு நடைபாதைப் பக்கத்து சீட் கேட்டு எடுங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், முடியாவிட்டால் இருந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்கட்டும். பயணம் முடிந்து சில நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

வுழூ செய்துகொண்டே விமானம் ஏறுங்கள். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அந்தச் சின்னக் கழிவறைக்குள் கால் கழுவினால் தரையெல்லாம் தண்ணீர், அடுத்து வரும் முதியவர் வழுக்குவார். இருக்கையில் தொழுவது, சேர்த்துத் தொழுவது பற்றி மௌலவிமாரிடம் ஊரிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம், வேன்.

கட்டுநாயக்காவிலிருந்து காத்தான்குடிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். டிரைவர் தம்பி அன்று காலையில் ஊரிலிருந்து வந்திருப்பார், அதற்கு முதல் நாளும் ஒரு ஹயர் ஓடியிருப்பார். விமானம் நள்ளிரவில் இறங்கும். அவர் பார்க்கிங்கில் கொசுக்கடியில் ஒரு மணித்தியாலம் கண் மூடியிருந்தால் பெரிய விஷயம். பிறகு குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று இருட்டில் ஓட்டம். மின்னேரியாப் பக்கம் யானை வேறு. விடியப்புறம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில்தான் மனிதனுக்கு நித்திரை மிகக் கடுமையாக வரும். அந்த நேரம் வேனுக்குள் எல்லோரும் தூக்கம். அவரோடு பேச்சுக் கொடுக்கவும் ஆளில்லை.

விமான நிலையத்துக்குப் போய்த் திரும்பும் வேன்கள் விபத்துக்குள்ளான செய்திகளை நாம் எத்தனை தரம் வாசித்துவிட்டோம். ஜனாஸா அறிவிப்பு கேட்டதும் "கத்ர்" என்று சொல்லி அடுத்த கிழமை அதேபோல இன்னொரு வேன் அனுப்புகிறோம். கத்ரை நம்புகிறவன் ஒட்டகத்தையும் கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

இரண்டு பேரைக் கூட்டிவர வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றுவதும் ஏன் என்று விளங்கவில்லை. மறுநாள் வகுப்பில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளையைக் கேட்டால், "எயார்போட் போன சேர்" என்கிறான். ஒருவர் போனால் போதும். அவரும் முன் சீட்டில் விழித்திருக்கக் கூடியவராக இருக்கட்டும்.

இரவில் இறங்கினால் நீர்கொழும்பிலோ கொழும்பில் சொந்தக்காரர் வீட்டிலோ தங்கி, சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிடுங்கள். தங்க வசதியில்லையென்றால் இரண்டு டிரைவர் உள்ள வேன் எடுங்கள். செலவு என்பார்கள். லட்சக்கணக்கில் கட்டிப் போய் வருகிறோம், பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிற காசில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊரிலுள்ளவர்களும் "எப்ப வாறீங்க, சாப்பாடு ரெடி" என்று நிமிடத்துக்கொரு கோல் எடுத்து டிரைவரை அவசரப்படுத்த வேண்டாம். துஆ கேட்கப் போகிறவர்கள் இரண்டு நாள் கழித்துப் போகலாம்.

உம்றா குழு நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் கடைசி அரை மணித்தியாலத்தை இதற்குக் கொடுங்கள். டிக்கட் போடும்போதே வீல்செயாருக்கும் முதியோரின் சீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். வேன் வைத்திருக்கும் தம்பிமார், இரண்டாவது டிரைவரோடு கட்டுநாயக்கா ஹயருக்கு எவ்வளவு வரும் என்று எனக்குச் சொல்லுங்கள். அடுத்த குழுவுக்கு வகுப்பு தொடங்குமுன் அந்தக் கணக்கைப் பள்ளிவாசல் நிருவாகத்திடம் கொடுக்கிறேன்.